பிறந்த வருடத்து நாணயம்

கடைக்காரி மூன்றாவது தட்டை எடுத்து வைத்தபோது மதிய இடைவேளையில் கால் மணி நேரம்தான் மிச்சமிருந்தது. வாங்க வந்தவளின் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்து பதினோரு நாளாகிவிட்டது. அவள் இதுவரை வெறுங்கையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். சட்டை எடுத்தால் மூன்று மாதத்தில் சின்னதாகிவிடும், பொம்மை வாங்கினால் ஆறு மாதம் தாங்காது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் இந்த நாணயக் கடைக்குள் நுழைந்திருந்தாள். அவள் லென்ஸ் தேய்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து நாலு கடை தள்ளித்தான் இது. ஒன்பது வருடமாகத் தினமும் இதைத் தாண்டித்தான் பஸ் பிடிக்கிறாள். உள்ளே வந்தது இதுதான் முதல் தடவை.

"பிறந்த குழந்தைக்குன்னா எல்லாரும் இந்த வருஷத்து செட்தான் எடுப்பாங்க" என்று கடைக்காரி ஒரு நீல வெல்வெட் பெட்டியைத் திறந்து காட்டினாள். நாற்பது வயதிருக்கும், தொண்டை கட்டியிருந்தது. "எட்டு காசு. விரல் படாம அடிச்சது. பொண்ணு வளர்ந்து பெரியவளானதும் எடுத்துக் குடுக்கலாம். அதுவரைக்கும் யாரும் திறக்கக்கூடாது, அவ்வளவுதான்."

"திறக்கவே கூடாதுன்னா அதை வச்சு என்ன பண்றது?"

"வச்சிருக்கறதுதான்" என்றாள் கடைக்காரி, சிரிக்காமல்.

எட்டும் கண்ணைக் கூசவைத்தன. ஒருவர் முகத்திலும் ஏறாத புதுக் கண்ணாடி மாதிரி இருந்தன. பழசு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அப்போதுதான் அந்த மூன்றாவது தட்டு வந்தது. உள்ளங்கையளவுச் சதுர அட்டைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் வட்டமாக ஒரு பிளாஸ்டிக் ஜன்னல், ஜன்னலுக்குள் ஒரு காசு, நாலு பக்கமும் ஸ்டேப்ளர் பின். வருடமும் நாடும் அட்டையின் மேல் ஓரத்தில் எழுதப்பட்டிருந்தன. பெரும்பாலானவை கடைக்காரியின் உருண்டை எழுத்து. ஒன்று மட்டும் வேறு கை. பாய்மரக் கப்பல் போட்ட ஒரு வெள்ளிக் காசு. வருடத்தில் இருந்த ஏழின் இடுப்பில் குறுக்காக ஒரு கோடு.

அப்பா தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற வேலையில் இருந்தவர். முப்பது வருடம் ஊரார் கையெழுத்தோடு மல்லுக்கட்டியதாலோ என்னவோ, தன்னுடைய எண்களை யாரும் தப்பாகப் படித்துவிடக் கூடாது என்று ஏழுக்கெல்லாம் இடுப்பில் கோடு போடுவார். லீவு நாள் முழுக்க நாணயப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். பேச்சு குறைவு. பெட்டிப் பக்கம் போனால் அதுவும் கிடையாது, ஒரு முறைப்புதான். அவர் போன பிறகு பெட்டி தம்பியிடம் இருந்தது. வீடு மாற்றும்போது எங்கேயோ தொலைந்துபோயிற்று என்று சொன்னான். அவளும் அதை நம்பினாள்.

அட்டையைத் திருப்பினாள். பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது. லென்ஸில் கீறல் பார்க்கிற கண்ணுக்கு அதைப் படிக்கச் சிரமமில்லை.

*சின்னவன் பிறந்தான். செவ்வாய், காலை 4.10. நல்ல மழை. முதலில் அழவில்லை. பிறகு அழுதான்.*

மறுபடி படித்தாள். கடைக்காரி இருமிவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டாள்.

"இது யார் குடுத்தது?"

"நாலு வருஷம் இருக்கும். ஒரு பெட்டியோட கொண்டாந்தார். உசரமா, சட்டை முழுக்க கிரீஸ். பேரம் பேசவே இல்ல, அதனால ஞாபகம் இருக்கு."

"அந்தப் பெட்டில இருந்ததெல்லாம்?"

"ஒவ்வொண்ணா போயிடுச்சு. இது ஒண்ணுதான் தங்கிடுச்சு."

அவளுடைய வருடம் போட்ட காசு ஒன்று அதில் இருந்ததா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. கடைக்காரிக்கு எப்படித் தெரியும்? வெல்வெட் பெட்டியையும் கப்பல் காசையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். மத்தியானம் தேய்த்த லென்ஸ்களில் இரண்டு பழுதாயின. அவள் கையில் அப்படி ஆவது வழக்கமில்லை.

ஊர் லிஃப்டையெல்லாம் பழுது பார்த்து ஓட வைக்கிறவன் தம்பி. அவன் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. சாயங்காலம் மூன்று மாடி ஏறுவதற்குள் அவள் முடிவு செய்துவிட்டாள். வெல்வெட் பெட்டி குழந்தைக்கு. கப்பல் காசு கைப்பையிலேயே இருக்கட்டும். விற்றவனுக்கு அது எதற்கு? அப்பாவின் கையெழுத்து என்று அவளிடம் வேறு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வெல்வெட் பெட்டியைத் தம்பி மனைவி திறந்து பார்த்து, அழகாக இருக்கிறது என்று சொல்லி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். தம்பி ஜன்னலோரம் நின்று ஒரு ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நீங்களாவது கேளுங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "பதினோரு நாள்ல ஒரு தடவை தூக்கல. கேட்டா கை அழுக்குங்கறார். கழுவிட்டு வாங்கன்னா அவசரமா வேலை வந்துடுது."

தம்பி ஸ்க்ரூடிரைவரை ஜன்னல் திட்டில் வைத்தான். மனைவி பால் புட்டி கழுவ உள்ளே போனதும், ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான்.

"அப்பா என்னைத் தூக்கினதா உனக்கு ஞாபகம் இருக்காக்கா?"

அவள் அவனைவிட ஐந்து வயது மூத்தவள். யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம்.

"இல்லடா."

"எனக்கும் தூக்கத் தெரியல. கிட்டப் போனா கை அப்படியே நின்னுடுது. வராது போல, நமக்கு."

கைப்பையின் ஜிப்பை இழுக்கும்போதுகூட அவளுக்கு மனமில்லை. அட்டையை எடுத்து ஸ்க்ரூடிரைவருக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் காசைப் பார்த்தான், ஏழைப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"எங்க கிடைச்சுது?"

"நீ வித்த இடத்துலதான். பின்னாடி பாரு."

அவன் திருப்பினான். ஐந்து சிறிய வாக்கியங்களைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. உள்ளே குழாய்த் தண்ணீர் ஓடி நின்றது.

"நான் ஒண்ணைக்கூட எடுத்துப் பாக்கல" என்றான். "அந்தப் பெட்டி வீட்ல இருக்கறதே பிடிக்கல. யாராவது கொண்டுபோகட்டும்னு தள்ளிட்டேன்." அட்டையை மறுபடி திருப்பி, "அப்போ உனக்கும் ஒண்ணு எழுதி வச்சிருப்பார் இல்ல?"

"தெரியாது. இது ஒண்ணுதான் மிச்சம்னாங்க."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான் போல. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். மாடி ஏறும்போது வார்த்தைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். இப்போது தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. குழந்தை விழித்துக்கொண்டு முனகியது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி இறங்கிவிட்டாள். அழுகை இரண்டாம் மாடி வரை கேட்டது. அதற்குக் கீழே கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், டீ குடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். நாணயக் கடையின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உயர ஸ்டூலில் கம்பெனிச் சட்டையோடு ஓர் ஆள் குனிந்து உட்கார்ந்திருந்தான். முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முன்னால் ஏழெட்டுத் தட்டுகள் பரப்பிக் கிடந்தன. கடைக்காரி உள்ளறையிலிருந்து இன்னும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவனுடைய இடது தோளில் ஒரு சின்ன வெள்ளைத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. பால் கக்கிய கறை காய்ந்திருந்தது. அப்படியே வேலைக்குக் கிளம்பி வந்திருக்கிறான், தெரியாமலே.

அவள் கதவைத் தள்ளவில்லை. உள்ளே அவன் ஓர் அட்டையை எடுத்தான், பின்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், இருந்த இடத்திலேயே வைத்தான். அடுத்ததை எடுத்தான்.