ஆலிவ் பருவத்துப் புரட்சி

கிரேக்க நாட்டில், மெசினியாப் பகுதியின் மலையடிவாரத்து ஊரான அனோ வாத்தியாவில் புரட்சி நவம்பர் மாதத்தில்தான் வெடிக்கும். ஆலிவ் காய் கறுக்க ஆரம்பித்ததும் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ரத்தம் கொதிக்கும். கூட்டம் போட்டுக் கை தூக்குவார்கள். பள்ளி வாசலைச் சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவார்கள். கல்வித் துறை கண்டிக்கும். தலைமையாசிரியர் மனம் உடைந்துபோனதாக அறிக்கை விடுவார். விட்ட கையோடு தன் ஆலிவ் தோப்புக்குப் போய்விடுவார்.

கணக்கு டீச்சர் ஃபிலியோ வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதைப் பார்க்கிறாள். அந்த ஒரு வாரம் ஊருக்குள் ஒரு வாத்தியார்கூடக் கண்ணில் படமாட்டார். எல்லார் கையிலும் காய் தட்டும் கொம்பு, எல்லார் மரத்தடியிலும் காய் விழ விரித்த வலை. அடுமனைக்காரர் புரட்சியாளர்களுக்காகப் பாலாடைக்கட்டி அடையை இரண்டு பங்கு சுட்டு அடுக்குவார். கோரிக்கையும் மாறுவதில்லை: வகுப்பறையில் குளிர் தாங்கவில்லை, அறையைச் சூடாக்கும் பாய்லரைச் சரிசெய். நகராட்சியின் பதிலும் மாறுவதில்லை: ஆகட்டும், பார்க்கலாம். இப்படி அவரவர் கடமையை அவரவர் ஒழுங்காகச் செய்துவந்ததால் ஊர் நிம்மதியாக இருந்தது.

இந்த வருடம் அதில் மண் விழுந்தது. தேர்தல் வருகிறதென்று மேயர் புதுப் பாய்லர் வாங்கி மாட்டிவிட்டார். வகுப்பறை கதகதவென்று ஆகிவிட்டது. பிள்ளைகள் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் பாடத்தைக் கவனித்தார்கள்.

ஆசிரியர் அறை துக்க வீடு மாதிரி இருந்தது.

"பசங்களுக்கு ஒரு குறையும் இல்லையாம்," என்றார் தலைமையாசிரியர் கூத்ரூலிஸ். "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குப் போராட்ட குணமே இல்லைய்யா."

"டாய்லெட் கதவு?" என்று ஆசையோடு கேட்டார் இயற்பியல் வாத்தியார் மானுசோஸ்.

"அதையும் மாட்டித் தொலைச்சுட்டான் அந்த மேயரு."

"என் தோப்புல காய் கொட்டவே ஆரம்பிச்சிருச்சு சார்," என்றாள் ஃபிலியோ. சொல்ல அவளுக்கு வெட்கமாகவும் இல்லை. கணவன் பனாயிஸுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. ஆள் வைத்தால் எண்ணெயில் பாதி கூலிக்கே போய்விடும். சனி ஞாயிறில் தட்டி முடிக்கிற தோப்பும் இல்லை அது.

திங்கட்கிழமை காலை பாய்லர் நின்றுபோயிருந்தது. சீக்கிரமே வந்துவிட்ட ஃபிலியோ, கூத்ரூலிஸ் பாய்லர் அறையிலிருந்து கைக்குட்டையில் கையைத் துடைத்தபடி படியேறி வருவதைப் பார்த்தாள். அவர் வணக்கம் சொன்னார். அவளும் சொன்னாள். படித்தவர்கள் இந்த மாதிரி நேரத்தில் அதற்கு மேல் பேசிக்கொள்வதில்லை.

மூன்றாவது பீரியடில் மாணவர்கள் முற்றத்தில் கூடினார்கள். மாணவர் தலைவன் ஆர்கிரிஸ் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, பல் கிட்டுவதுபோல நடித்துப் பேசினான். பள்ளியைப் பூட்டலாம் என்று ஏறக்குறைய அத்தனை கையும் உயர்ந்தது. வேண்டாம் என்பவர்கள் யார் என்று ஒரு மரியாதைக்குக் கேட்டபோது ஒரே ஒரு கை எழுந்தது. கடைசி வகுப்பு ஸம்பேத்தாவின் கை அது.

மற்ற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லையென்றால் சாயங்காலம் டியூஷன் சென்டர் இருக்கிறது. கடற்கரை ஓட்டலில் அறை பெருக்கும் அம்மாவை வைத்துக்கொண்டு ஸம்பேத்தா டியூஷனை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஜூனில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. அதில் தேறாவிட்டால் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு துடைப்பம் காத்திருக்கிறது.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன் டீச்சர்," என்று அவள் ஃபிலியோவிடம் வந்து கேட்டாள். "பாடம் பாதிகூட முடியல."

"மாணவர்களோட ஜனநாயகத்துல நாங்க தலையிடக் கூடாதும்மா," என்றாள் ஃபிலியோ. ஜனநாயகம் என்ற சொல்லைத் தான் உச்சரித்த அழகு அவளுக்கே பிடித்திருந்தது.

புதன்கிழமை மதியம் ஃபிலியோ தோப்பில் கிளையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பனாயிஸ் சாக்கின் மேல் உட்கார்ந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். மேட்டுப் பாதையில் ஸம்பேத்தா ஏறி வந்தாள். செருப்பெல்லாம் சேறு.

"ஸ்கூல் எப்ப டீச்சர் திறக்கும்?"

"அது என் கையிலயா இருக்கு? பாய்லர் ஓடணுமே. ஆள் வந்து பாக்கணும்."

"நேத்தே ஓட ஆரம்பிச்சிருச்சு டீச்சர். நான் கீழ போய்ப் பாத்தேன். பாய்லருக்கு எண்ணெய் வர்ற குழாயை யாரோ மூடி வெச்சிருந்தாங்க. திறந்துவிட்டேன். இப்ப உள்ள எல்லாரும் பனியனோட சீட்டாடிட்டு இருக்கானுங்க."

ஃபிலியோ கொம்பைக் கீழே ஊன்றினாள். "அப்ப கேட்டைத் திறக்க வேண்டியதுதானே?"

"நானும் அதைத்தான் சொன்னேன். ஆர்கிரிஸ் என்னைத் தனியாக் கூப்பிட்டு, வாய மூடிட்டுப் போடின்னான். ஹெட்மாஸ்டர் தோப்பு முடிய வெள்ளிக்கிழமை ஆகுமாம். உங்களுக்கு அதுக்கும் மேல ஆகும், வீட்டுக்காரருக்கு இடுப்பு முடியல, பாவம்ங்கறான். எல்லாருக்கும் தெரியும் டீச்சர். உங்க மேல இருக்கற மரியாதையிலதான் உக்காந்திருக்கானுங்க."

ஃபிலியோவுக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வருடமும் பிள்ளைகளின் புரட்சியைப் பார்த்துத் தான் சிரித்துக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தாள். பிள்ளைகளோ வாத்தியார்களுக்குப் பாவம் பார்த்து லீவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அவமானமாக இருந்தது.

"புக் கொண்டு வந்திருக்கியா?" என்றாள். "உக்காரு. இங்கயே சொல்லித் தர்றேன்."

"நீங்க கணக்கு சொல்லித் தருவீங்க. பிசிக்ஸ் யாரு சொல்லித் தருவா? மானுசோஸ் சாரு அந்தப் பக்கத்து மலையில இருக்காரே." ஸம்பேத்தா மரத்தில் சாய்த்திருந்த இன்னொரு கொம்பை எடுத்துக்கொண்டாள். "இன்னும் எத்தனை மரம் டீச்சர்? இதை முடிச்சுட்டு அவரு தோப்புக்குப் போறேன். அப்புறம் ஹெட்மாஸ்டருது. சீக்கிரம் முடிஞ்சா சீக்கிரம் திறந்துருவீங்கல்ல?"

குத்திக்காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் கிளையைத் தட்ட ஆரம்பித்தாள். காய்கள் வலையில் சடசடவென்று விழுந்தன.

பனாயிஸுக்கு ஒரே சந்தோஷம். "கெட்டிக்காரப் பொண்ணா இருக்கே. உன்னை மாதிரி இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரக் கூடாதா?"

ஃபிலியோ போய் அந்தப் பெண்ணின் கையிலிருந்து கொம்பைப் பிடுங்கினாள்.

"கார்ல ஏறு," என்றாள்.

பனாயிஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "ஏம்மா, வலையை விரிச்சது விரிச்சபடி போட்டுட்டு எங்க கெளம்பிட்ட? மழை வரப்போகுது, அத்தனை காயும் மண்ணாப் போயிரும்."

"போகட்டும்," என்றாள் ஃபிலியோ. "எனக்கு ஸ்கூல் இருக்கு."