திருடு போகாத ஒட்டியாணம்

வேலைக்கு வந்தால் புருஷன் பொண்டாட்டியாகத்தான் வர வேண்டும் என்று வடக்கனந்தல் பாப்பாத்தியம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தனியாளாக வந்த யாரும் அந்த வீட்டில் நிலைக்கவில்லை. சமையலுக்கு வந்த ஒருத்தி தோட்டக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டு போனாள். அடுத்து வந்தவள் தோட்டக்காரனையே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இந்த நிபந்தனை பகலவனுக்குப் பெரிய இடைஞ்சல். அவனுக்குப் பொண்டாட்டி கிடையாது. அதைவிட, அவன் வேலை செய்யவே வரவில்லை. பாப்பாத்தியம்மாளின் பீரோவில் கெட்டியான ஒட்டியாணம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதைக் கிளப்பிக்கொண்டு போக வந்தவன். தொழிலில் அவன் பெரிய ஆள் என்று சொல்ல முடியாது. பம்புசெட் ஒயர், பூட்டாத சைக்கிள், ஒருமுறை கல்யாண மண்டபத்தில் சாம்பார் அண்டா. அந்த அண்டாவும் கொதிக்கக் கொதிக்க இருந்ததால் பாதி வழியில் போட்டுவிட்டு ஓடினான். இப்படியே போனால் எப்போது முன்னுக்கு வருவது என்று அவனுக்குக் கவலை இருந்தது. நியாயமான கவலைதான்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் டீக்கடை முனியன்தான் அந்த வீட்டுக்கு ஆள் பார்த்துக்கொடுப்பவர். அவர் நிபந்தனையைச் சொல்லி உதட்டைப் பிதுக்கியபோது, பக்கத்து பெஞ்சில் தமிழ்மொழி உட்கார்ந்திருந்தாள். வெள்ளிமலைப் பெண். குடகுக்குக் காப்பிக்கொட்டை பறிக்க ஆள் ஏற்றும் ஜீப்புக்குக் காத்திருந்தவள். போக அவளுக்கு இஷ்டமில்லை, அந்தக் குளிரில் போன வருஷமே பட்டது போதும் என்றிருந்தாள். முனியன் அந்தப் பக்கம் திரும்பியதும் பகலவனைப் பார்த்துக் கேட்டாள்.

“பொண்டாட்டி மட்டும்தான் கொறச்சலா?”

பேச்சு அங்கேயே முடிந்தது. சம்பளம் தனித்தனி, அவள் படுக்கை சமையல்கட்டில், அவன் படுக்கை மாட்டுக் கொட்டகையில். பூஜை சாமான் கடையில் மஞ்சள் கயிறும் அதில் கோக்க ஒரு விரலி மஞ்சளும் வாங்கி, பஸ் ஸ்டாண்டு கண்ணாடியைப் பார்த்து அவளே கட்டிக்கொண்டாள்.

பாப்பாத்தியம்மாளின் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி பகலவனை மேலும் கீழும் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. எந்த ஊர், யார் மகன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கே வேலைக்கு வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பகலவனுக்குப் புரியவே இல்லை. பீரோ சாவி கூடத்து ஆணியில், எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கியது. நாயைக் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஒட்டியாணம் எந்தத் தட்டில், எந்தப் பட்டுப்புடவைக்குக் கீழே இருக்கிறது என்று தெய்வசிகாமணி யாரிடமோ போனில் உரக்கச் சொன்னார், அதுவும் பகலவன் பெருக்கிக்கொண்டிருக்கும்போது. இவ்வளவு சுலபமாக ஒரு வீடு இருக்குமா என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் ஒரு நாள் தள்ளிப்போடுவதுதானே புத்திசாலித்தனம்?

தள்ளிப்போட்டதற்கு உண்மையான காரணம் வேறு. தமிழ்மொழி மறுநாள் மொச்சைக் குழம்பு என்றாள். சரி, சாப்பிட்டுவிட்டுத் தூக்கலாம் என்று இருந்தான். மொச்சைக் குழம்பு முடிந்தால் சாமைச் சோறும் கருவாடும் என்றாள். அது முடிந்தால் இன்னொன்று. அவன் தட்டைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் போடட்டுமாய்யா?” என்று அவள் கேட்கும்போது, தான் எதற்காக இந்த வீட்டுக்கு வந்தோம் என்பதே அவனுக்கு மறந்துபோகும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான், தேங்காய் பறித்தான், பாப்பாத்தியம்மாளுக்குக் கால்வலித் தைலம் வாங்கி வந்தான். நல்ல வேலைக்காரன் என்று தெருவில் பேர் எடுத்துவிட்டான். அவமானம்தான், ஆனாலும் அந்தப் பேர் அவனுக்குப் பிடித்திருந்தது.

ஆடி பிறந்ததும் தெய்வசிகாமணி அவனை மரவள்ளித் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டார்.

“இன்னாடா, இன்னும் தூக்காம இருக்கற?”

பகலவன் மெல்ல நழுவப் பார்த்தான்.

அவர் எல்லாவற்றையும் கொட்டினார். அந்தச் சாம்பார் அண்டா அவருடைய மச்சினன் கல்யாணத்தில் போனது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடியவனின் மூஞ்சி அவருக்கு மறக்கவில்லை. திருடன் என்று தெரிந்துதான் வேலைக்கே வைத்தார். ஏனென்றால் பீரோவில் இருப்பது கவரிங். தங்க ஒட்டியாணத்தைப் பெண்சாதிக்குத் தெரியாமல் விற்று, வயலில் போர் போட்டார். தண்ணீர் வரவில்லை. இன்னொன்று போட்டார், அதிலும் புழுதிதான் வந்தது. இப்போது பாப்பாத்தியம்மாள், ஒட்டியாணம் இடுப்பைப் பிடிக்கிறது, தங்கச்சி மகள் ரம்யா கல்யாணத்துக்குப் போட வேண்டும், ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் ஆசாரி வந்து பெரிசாக்கித் தரட்டும் என்கிறாள். ஆசாரி உரைகல்லில் ஒரு தேய் தேய்த்தால் அவர் கதை முடிந்தது. அதற்குள் அது திருடுபோயே ஆக வேண்டும்.

பதினெட்டாம் பெருக்குக்கு எல்லாரும் ஆற்றுக்குப் போவார்கள், நீ வீட்டுக் காவலுக்கு இரு, எடுத்துக்கொண்டு ஓடிப்போ என்றார். இல்லாவிட்டால் அண்டா விஷயம் ஸ்டேஷனுக்குப் போகும்.

“தமிழு இருக்குதுங்களே” என்றான் பகலவன்.

“அவள ரெண்டு நாள் ஸ்டேஷன்ல வெச்சி விசாரிப்பாங்க. ஒன் பொண்டாட்டிதான, கேக்காமயா வுடுவாங்க? அப்பறம் அனுப்பிடுவாங்க.”

அந்த இரண்டு நாள் பேச்சு பகலவனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஓடினால் அவள் மாட்டுவாள். ஓடாவிட்டால் அவன் மாட்டுவான். அவளிடம் சொல்லிவிடலாம் என்று பலமுறை சமையல்கட்டு வரை போனான். போனவன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

ஆடிப் பதினெட்டும் வந்தது. கலந்த சாதத் தூக்குகளோடு எல்லாரும் கோமுகி ஆற்றங்கரைக்குக் கிளம்பினார்கள். பகலவன் காவலுக்கு இருக்கிறேன் என்றான். பாப்பாத்தியம்மாள் விடவில்லை. அன்றைக்குச் சுமங்கலிகள் தாலிக் கயிறு மாற்றிக்கொள்வார்கள். மற்ற வீடுகளில் வயதான சுமங்கலி கட்டிவிடுவது உண்டு. அவள் பிறந்த வீட்டு வழக்கத்தில் புருஷன் கையால்தான் கட்ட வேண்டும். தன் வீட்டில் வேலை செய்பவளுக்கும் அதேதான் என்று அவனையும் வண்டியில் ஏற்றிவிட்டாள். தெய்வசிகாமணியின் முகம் வெளுத்தது. கரைக்கு வந்து சேர்ந்ததும் வயிறு சரியில்லை என்று முனகிக்கொண்டு எங்கேயோ மறைந்துபோனார்.

புதுக் கயிற்றைப் பகலவன் கையில் கொடுத்தார்கள். தமிழ்மொழி குனிந்து நின்றாள். பஸ் ஸ்டாண்டில் அவளே கட்டிக்கொண்ட கயிறு வெளுத்துப் போயிருந்தது. இதைக் கட்டினால் அது நாடகம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். பொய் சொல்லிக் கட்ட மனசு வரவில்லை.

“தமிழு, நான் திருட வந்தவன்” என்று அவள் காதோரம் சொன்னான்.

“தெரியும். வந்த அன்னிக்கே பீரோவ நீ பாத்த பார்வ இருக்குதே, பொண்ணு பாக்க வந்தவன்கூட அப்பிடிப் பாக்க மாட்டான்.”

“அப்பறம் இன்னாத்துக்கு எனக்குச் சோறு போட்ட?”

“வயிறு ரொம்பினா தூங்கிடுவ, திருடப் போவ மாட்டன்னுதான். இப்ப கட்றியா, ஓடப்போறியா? கழுத்து நோவுது.”

அவன் கட்டினான். மூன்று முடிச்சையும் அவிழாதபடி இறுக்கினான். ஸ்டேஷன், அண்டா, அடி எல்லாம் நினைவுக்கு வந்தன. வந்தால் வரட்டும் என்று இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவனுக்கு யாரைப் பார்த்தும் பயமில்லை.

பாப்பாத்தியம்மாள் தன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு புருஷனைத் தேடினாள். காணோம். வீட்டில் போய்ப் பார்த்துக் கூட்டி வாருங்கள் என்று இவர்கள் இருவரையும் அனுப்பிவிட்டுத் தானும் பின்னாலேயே கிளம்பினாள்.

வீட்டுக்குப் பின்பக்கம் வந்தபோது, தலையில் துண்டு முக்காடு போட்ட ஒருவன் மதிற்சுவரின் மேல் கவிழ்ந்து கிடந்து, கால் எட்டாமல் உதைத்துக்கொண்டிருந்தான். இன்னொரு திருடன்! பகலவனுக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. தான் கை வைக்காமல் காத்த வீட்டில் எவனோ வந்து நுழைவதா? பாய்ந்து காலைப் பிடித்து இழுத்தான். தமிழ்மொழி விளக்குமாற்றால் இரண்டு போட்டாள். துண்டு விலகியது, தெய்வசிகாமணி. வேட்டி மடிப்பிலிருந்து ஒட்டியாணம் தரையில் விழுந்து உருண்டது.

பாப்பாத்தியம்மாள் வந்து பார்த்தாள். அதிர்ச்சியும் இல்லை, அழுகையும் இல்லை.

“கவரிங்குக்கா இம்மாம் கஷ்டம்?” என்றாள்.

பொங்கலுக்கு அதைப் போட்டுக் கழற்றியபோதே இடுப்பைச் சுற்றிக் கறுப்பாகப் பட்டை விழுந்திருந்தது. அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒட்டியாணம் பிடிக்கவும் இல்லை, ஆசாரிக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை. மனுஷன் வாயைத் திறந்து எப்போது சொல்கிறார் பார்ப்போம் என்றுதான் இருந்தாள்.

“தங்கம் போனா போவுது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே நீ” என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. பிறகு கயிற்றை அவரிடம் நீட்டினாள். சுவரில் சிராய்த்த முழங்கையோடு, பெண்சாதி முகத்தைப் பார்க்காமல் அவர் கட்டினார்.

பகலவன் அண்டாவிலிருந்து ஸ்டேஷன் மிரட்டல் வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பாப்பாத்தியம்மாள் இவர்கள் பக்கம் திரும்பினாள். கட்டிய பொண்டாட்டி எவளாவது புருஷனிடம் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று தினமும் கேட்பாளா, நீங்கள் புருஷன் பொண்டாட்டி இல்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது, அதனால்தான் ஆற்றங்கரைக்கு இழுத்துப்போனேன் என்றாள். ஸ்டேஷன் பேச்சு எடுத்தால் முதல் பேராகத் தன் புருஷன் பேரைத்தான் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்றாள். ஒட்டியாணத்தை எடுத்து முந்தானையால் துடைத்துத் தமிழ்மொழியின் இடுப்பில் மாட்டினாள். கச்சிதமாக இருந்தது.

மறுநாள் தமிழ்மொழியின் அம்மா செல்லியம்மாளைப் பார்க்க இருவரும் வெள்ளிமலை பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் நல்ல கூட்டம். மலைப்பாதை வளைவுகளில் ஆட்கள் மேலே வந்து சாய்ந்தார்கள். பகலவன் அவள் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்ற ஒவ்வொருவனையும் முறைத்தபடி வந்தான்.

“அது கவரிங்குதான்யா. கைய எடு, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள் அவள்.

“திருடனுக்கு அது எப்பிடித் தெரியும்?” என்றான் பகலவன். “எனக்கே தெரியலயே.”

வெள்ளிமலை வரும்வரை அவன் கையை எடுக்கவில்லை.