பதினொரு முறை அழித்த வரி

கம்போங் ராஜா டவுனில் இருந்த சாப்பாட்டுக் கடையில் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. சசிரேகா கைப்பேசியை அத்தை பரமேஸ்வரி பக்கம் திருப்பினாள். தன் பெயரைக் காட்டத்தான் அத்தையை அழைத்து வந்திருந்தாள்.

கல்லூரியில் அவளும் கிஷனும் ஒரு குழு. உலகில் யாரும் சேர்ந்து திருத்தக்கூடிய ஒரு மழை எச்சரிக்கை மென்பொருளில் இந்த விடுமுறைக்குள் எதையாவது சரிசெய்து காட்ட வேண்டும்; அதுதான் பாடம். அவள் வீடு இருக்கும் எஸ்டேட் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இணையம் கிடையாது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்றால் வாட்ஸ்அப்பில் சின்னக் கோப்பு ஒன்று போகும். அதனால் அவள் எழுதி அனுப்புவாள். ஈப்போவில் இருக்கும் கிஷன் அதை இணையத்தில் ஏற்றுவான். அந்த மென்பொருளைத் திருத்துபவர்களின் வழக்கப்படி ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் அவள் ஒரு வரி சேர்த்திருந்தாள்: இணைந்து எழுதியவர், சசிரேகா செல்லையா.

"எங்கடி உன் பேரு? எனக்குத்தான் கண்ணு தெரியலையா, இல்ல பேரே இல்லையா லா?"

பதினொரு திருத்தங்கள். ஒன்றிலும் அந்த வரி இல்லை. மறந்திருப்பான் என்று முதலில் நினைத்தாள். மறந்திருந்தால் வரி அப்படியே இருந்திருக்கும். அதை அழிக்கத்தான் கை வேண்டும். பதினொரு முறை.

அதைக்கூட அவள் விழுங்கியிருப்பாள். கீழே கிஷன் விளக்கம் எழுதியிருந்தான். "இந்த மென்பொருள் காலை எட்டு மணிக்கு மழை அளவைப் பூஜ்யமாக்கி மறுபடி எண்ணுகிறது. இரவெல்லாம் பெய்தது கணக்கில் வராது. திரிங்காப்பில் என் அத்தை வீட்டின் மேல் மேடு சரிந்த காலையில் இதை நம்பியிருந்தால் எச்சரிக்கையே வந்திருக்காது."

என் அத்தை. திரிங்காப் எந்தப் பக்கம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. நூலகத்தில் ஒருநாள் அவள்தான் பரமேஸ்வரி அத்தை வீட்டுக் கதையைச் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டதை இரக்கம் என்று நினைத்தாள். மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

காலையிலிருந்து லயத்தில் எட்டாத அவனுடைய அழைப்பு இங்கே எட்டியது. மென்பொருளைப் பார்த்துக்கொள்பவர்கள் மண் சரிந்த நேரத்தைக் கேட்கிறார்களாம்; அதை வைத்துத் திருத்தத்தைச் சோதிக்கப் போகிறார்களாம்.

"அத்தைகிட்ட கேட்டுச் சொல்லேன் சசி. இன்னைக்கே போடணும் லா."

"உன் அத்தைதானே. நீயே கேளு."

"கோச்சுக்காத. ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்தானே," என்றான்.

அழைப்பைத் துண்டித்தாள். பதில் போகாவிட்டால் அவன் மாட்டிக்கொள்வான். அந்த நினைப்பு இனித்தது. இனித்ததே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அந்த எட்டு மணித் தவறும் திருந்தாமல் கிடக்குமே, வேறெங்கோ ஒரு மலையில் இருப்பவர்களுக்கு.

"அத்தை, அன்னைக்கு மண்ணு எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"ஒன்பதேகால். அடுப்புல சோறு கொதிச்சிக்கிட்டு இருந்துச்சு. எதுக்குடி இப்ப?"

தன் பெயரிலேயே புதுக் கணக்கு தொடங்கி உள்ளே நுழைந்து, அவர்கள் கேட்ட நேரத்தை எழுதினாள். அது என் அத்தையின் வீடு என்று இன்னொரு வரியும் எழுதி அனுப்பினாள்.

அத்தை குனிந்து பார்த்தார். "இந்தா, வந்துருச்சே உன் பேரு. பக்கத்துல என்னமோ போட்டிருக்கு?"

"இன்னைக்குத்தான் புதுசா வந்திருக்கேன்னு போட்டிருக்கு, அத்தை."