மீராசாஹிபு குடித்தாரா?

கோமாரி வீதியில் மோட்டார் சைக்கிளில் போய் மாட்டின் மேல் மோதி இறந்துபோன மீராசாஹிபுவின் இரத்தத்தில் மதுசாரம் இருந்ததாம். கொஞ்சநஞ்சமல்ல.

"இந்த அளவுக்குக் குடிச்சவர் மோட்டார் சைக்கிள் ஓடுறதென்ன, அதில ஏறி இருக்கவே ஏலாது" என்றார் சட்ட வைத்திய அதிகாரி டொக்டர் பவிதரன், தொலைபேசியில்.

கணவனை இழந்து இத்தாவில், திரைக்குள் இருந்த மனைவி ஹாஜறா அதை நம்பவே இல்லை. இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுக் குடிக்கிற மனிசன்! அதற்குள் கதை சாய்ந்தமருது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இறந்தவருக்காகக் கத்தம் ஓத வருவதாகச் சொன்னவர்களுக்கெல்லாம் திடீர் திடீரென்று காய்ச்சல் வந்தது.

"டொக்டர், அவர்ட பேரக் காப்பாத்த வழியே இல்லையா?"

"அது நெஞ்சுக் காயத்தில எடுத்த இரத்தம். வெளியால ஏதும் கலந்திருக்கலாம். கண்ணுக்குள்ள இருக்கிற நீரையும் எடுத்து வச்சிருக்கிறன். அதுக்குள்ள லேசில ஒண்டும் போகாது. சோதிக்க அனுப்பட்டா?"

"இப்பவே அனுப்புங்க."

தொலைபேசியை வைத்ததும் திரைக்கு வெளியே ஒரு செருமல். கணவரின் தம்பி ஹஸன்; அண்ணனைக் 'காக்கா' என்று கூப்பிடுகிறவர். பள்ளிவாசலுக்கு முன்னால் அத்தர் வாசனைத் தைலக் கடை வைத்திருப்பவர். 'மதுசாரம் துளியும் அற்றது' என்று பலகை போட்டுத் தொழப் போகிறவர்களுக்கு விற்பவர்.

"மதினி, கண்ணச் சோதிக்க வேணாமெண்டு செல்லுங்களன்."

"ஏன் தம்பி?"

"ஆஸ்பத்திரி நாத்தத்தோட காக்காவ உட மனசில்ல. டொக்டர் வாறதுக்கு முதல் ஒரு போத்தல் அத்தர நெஞ்சில ஊத்திட்டன்."

"உங்கட அத்தரிலதான் ஒண்டும் இல்லையே?"

திரை அசைந்தது.

"தம்பி?"

"கொழும்பில இருந்து கேன்ல வாற சாமான் மதினி. உள்ளுக்க என்ன இரிக்கெண்டு நான் கண்டனா? கண்ணில இல்லையெண்டு வந்தா அத்தரிலதான் இருந்ததெண்டு ஆயிரும், என்ட கடையில ஈயும் மொய்க்காது. காக்கா மவுத்தாப் போனவர், அவருக்கு இனி என்ன குறை? குடிச்சாரெண்டே இரிக்கட்டுமே!"

ஹாஜறாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது.

"மவுத்தானது அவர். நான் உசிரோட இரிக்கன் தம்பி. குடிகாரன்ட பொஞ்சாதியா என்னால இரிக்க ஏலாது."

சோதனை முடிவு வந்த அன்று டொக்டரே அழைத்தார். "கண்ணில ஒரு சொட்டும் இல்ல. உங்கட மனிசன் குடிக்கல்ல. அப்ப நெஞ்சில பட்டது என்ன?"

ஹாஜறா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தொலைபேசியைத் திரைக்கு வெளியே நீட்டினாள்.

ஹஸன் வாங்கி முதலில் ஸலாம் சொன்னார். டொக்டர் முஸ்லிம் அல்ல, தமிழர் என்பது நினைவுக்கு வந்து வணக்கமும் சொன்னார். அதற்குமேல் சொல்ல வேறெதுவும் அகப்படாததால், உண்மையைச் சொன்னார்.