தணிந்த குரல்

அப்பாவின் காதில் கருவி ஏறி இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் வீட்டிலிருந்த சத்தங்களையெல்லாம் குற்றவாளிகளைப் போல வரிசையில் நிற்கவைத்துவிட்டார். ஃப்ரிட்ஜ் உறுமுகிறது. மின்விசிறி பல்லைக் கடிக்கிறது. அடுக்களைக் குழாய் சொட்டுகிறது.

"எத்தனை நாளா சொட்டுது?"

"ரெண்டு வருஷமாப்பா."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். உங்க காதுல விழுந்தாத்தானே."

இருவரும் சிரித்தார்கள். பிறந்ததிலிருந்து மகள் அப்பாவிடம் தொண்டை கிழியத்தான் பேசியிருக்கிறாள். கத்தாமல் பேசிச் சிரிப்பது இதுதான் முதல்முறை. 'கேட்டதெல்லாம் போதும்' என்று பத்து வருடமாகக் கருவியைத் தட்டிக்கழித்தவர் அவர். அம்மா போனபின் வீட்டில் இரண்டே பேர். போன வாரம் அவள் பேசுவதையே நிறுத்திவிட்டாள். காது கேட்காதவரிடம் இது என்ன மிரட்டல் என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். ஆனால் நான்காம் நாள் அப்பாவே கருவி வாங்கப் போகலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

கூடத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய பதக்கம். பக்கத்தில் பாராட்டுரை. பள்ளிப் பேச்சுப்போட்டிகளில் அதை ஒப்பித்தே அவள் கோப்பைகள் வாங்கியிருக்கிறாள். அதன்படி, முதல் குண்டிலேயே வயர்லெஸ் செட் சிதறியது. அதைச் சுமந்தவன் இறந்தான். மேஜரான அப்பாவின் செவிப்பறைகள் கிழிந்தன. பின்வாங்கும்படி வந்த உத்தரவு அவர்களை எட்டவில்லை. எட்டாததால் அவர் முன்னேறிக் குன்றைப் பிடித்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது முப்பது பேரில் பத்தொன்பது பேர்தான் மிச்சம். அந்தக் கடைசி வரி கைதட்டலைக் கெடுக்கிறது என்று ஆசிரியை அதை வெட்டிவிட்டிருந்தார்.

வயர்லெஸ்காரனின் அக்கா வருடாவருடம் தம்பி இறந்த இதே தேதியில் வருவாள். பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வுபெற்றவள். நெரிசலில் கடைசி சீட்டுவரை எட்டிப் பழகிய குரல். விடைபெறும்போதெல்லாம், "சின்னவன் கடைசியா என்ன சார் சொன்னான்?" என்று வாசலில் நின்று கத்துவாள். தெருவே திரும்பிப் பார்க்கும். அப்பா காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரிப்பார். மகள் சிலேட்டில் எழுதிக் காட்டினால் மட்டும், "முதல் குண்டுலயே போயிட்டாம்மா. வலியே தெரிஞ்சிருக்காது" என்பார். அந்தக் குரலுக்குக் கல்லுக்கும் காது முளைத்திருக்குமே என்று மகள் ஒருமுறை நினைத்தாள். நினைத்ததோடு சரி.

இன்றும் பிஸ்கட் பொட்டலத்தோடு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "சார்! சௌக்கியமா!"

"அத்தை, கத்தாதீங்க. அப்பாவுக்கு இப்ப நல்லாக் கேக்குது."

"நெஜமாவா? அப்ப இனிமே முதுகுக்குப் பின்னாலதான் இவரைத் திட்டணும்."

அப்பா சிரித்தார். மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கருவியின் விலையிலிருந்து பேட்டரிவரை விளக்கினாள். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு பேச்சு வற்றிவிட்டது. சிலேட்டு அலமாரிக்குள் இருந்தது. கத்தாமல் இந்த மனிதரிடம் எப்படிப் பேசுவது என்று அவளுக்கும் தெரியவில்லை போலிருந்தது. டம்ளரின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கத்தும்போது சில விஷயத்தைக் கேக்க முடியாது சார்," என்றாள். அந்தக் குரலை மகள் இதுவரை கேட்டதே இல்லை. "தெருவுக்கே கேட்டுரும். அவனுக்குக் கேவலம்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சின்ன வயசுல அவனுக்கு இருட்டுன்னா பயம். என் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவான்." டம்ளரைக் கீழே வைத்தாள். "அன்னிக்குப் பயந்தானா சார்?"

அப்பாவின் கை காதுக்குப் போனது. கழற்றிவிடுவார் என்று மகளுக்குப் பட்டது. கழற்றிவிட்டால் நல்லது என்றும் அதே நொடியில் பட்டது. ஏனென்று அவளுக்கே தெரியவில்லை. அப்பாவின் விரல் கருவியின் மேல் சற்று நேரம் இருந்தது. பிறகு அதை இன்னும் உள்ளே அழுத்திவிட்டு இறங்கியது.

"பயப்படல," என்றார்.

அக்காவின் முகம் மலர ஆரம்பித்தது.

"முதல் குண்டுல அவன் போகலம்மா. செட்டும் உடையல."

மகள் சுவரைப் பார்த்தாள். பதக்கச் சட்டத்தின் கண்ணாடியில் ஜன்னல்தான் தெரிந்தது.

"அப்ப என் காது நல்லாத்தான் இருந்துச்சு. 'பின்வாங்கச் சொல்றாங்க சார்'னான். ரெண்டு தடவை சொன்னான். ஏறுடான்னேன். ஏறினான்." அவர் குரல் உயரவில்லை. "எனக்குக் கேட்டுச்சு."

அடுக்களையில் குழாய் சொட்டியது. மூன்று பேருக்கும் கேட்டது.