வீட்டில் தாழ்ப்பாள் தொடாதவன்

1

மாலை ஆறு மணிக்கு, கேரளத்தில் கண்ணூர்ப் பக்கத்துச் சிறிய கிளைச்சிறை ஒன்றின் மூன்றாம் அறையில் இருந்தவர்கள்: வாசலில் வார்டர் பவித்ரன், இன்னொரு வார்டர் குரியாக்கோஸ். உள்ளே ஐந்து கைதிகள். அவர்களில் ஒருவன் பவித்ரனின் தம்பி பிஜேஷ்.

நான் அங்கே இல்லை. பேருந்தில் காதில் விழுந்த ஒரு வரிதான் எனக்குக் கிடைத்தது: நாளெல்லாம் பூட்டுகிற ஆள், வீட்டில் தாழ்ப்பாளைத் தொடமாட்டாராம். மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

சீருடையைச் சிறையிலேயே கழற்றி மாட்டிவிட்டு வேட்டியில்தான் பவித்ரன் வீடு திரும்புவான். சிறைப் பேச்சு வாசலோடு சரி. வீட்டைப் பூட்டுவது மனைவி ஷீஜா.

"ஊரையே பூட்டுற கை, இங்க மட்டும் வலிக்குதா?"

"அங்க பூட்டுறது பவித்ரன் இல்ல, அது வேற..."

(இப்படி அவன் பேசமாட்டான். அது என் குரல். அந்த வரியை அடித்துவிடுகிறேன்.)

"அங்க சம்பளம் தர்றாங்க. நீ தருவியா?"

இதுதான் அவன்.

3

மதுக்கடைத் தகராறில் ஒருவன் மண்டையை உடைத்துவிட்டு பிஜேஷ் அன்று கைதியாக வந்து சேர்ந்தான். தன் தம்பி என்று பவித்ரன் சூப்பிரண்டிடம் சொன்னான்.

"காலையில வேற ஜெயிலுக்கு மாத்திடலாம். இன்னிக்கு மட்டும் சமாளிப்பா," என்றார் அவர்.

முடியும் என்றே நினைத்தான். வீட்டையும் சிறையையும் ஒன்றோடொன்று உரசாமல் வைத்திருந்தவன். ஆனால் அவன் நெஞ்சுக்குள் ஏதோ

(நெஞ்சை விடுவோம். காட்டிக்கொடுத்தது வாய்.)

பூட்டுமுன் பெயர் கூப்பிட வேண்டும். நான்கு பெயர் ஒழுங்காக வந்தது. ஐந்தாவதாக, "உண்ணி" என்றான். தம்பியை வீட்டில் கூப்பிடுகிற பெயர்; மலையாளத்தில் குழந்தை என்று அர்த்தம்.

அறையே சிரித்தது. "உண்ணிக்குப் பால் குடுத்தாச்சா சாரே?"

பிறந்ததிலிருந்து அவனை 'ஏட்டா', அண்ணா, என்று மட்டுமே அழைத்த தம்பி எழுந்து நின்றான்.

"பிஜேஷ். இருக்கேன், சாரே."

இடிந்த சுவரில் தம்பி கல் வைத்தான் என்று எழுதினேன். அசிங்கமாக இருந்தது. அண்ணன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான், அவ்வளவுதான்.

4

"சாவியக் குடுடா. நீ போய்ச் சாயா குடி," என்று குரியாக்கோஸ் கை நீட்டினான்.

கொடுத்தால், பவித்ரன் நாளைக்கு எந்த அறையையும் பழையபடி பூட்ட முடியாது. அவனே பூட்டினால், அந்தக் கையோடுதான் ஷீஜா முன்னால் சோற்றுக்கு உட்கார வேண்டும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவன் தோற்றான். சாவியை யார் கையில் வைப்பது என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:

பிஜேஷ் உள்ளேயிருந்து கம்பியைப் பிடித்து, கதவைத் தானே இழுத்தான்.

"கொசு வருது, சாரே."

கதவு சாத்திக்கொண்டது. பூட்டில் சாவி திரும்பியது.