அறுநூறு சிட்கா மரங்கள்

நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த பதினொரு வருடமும் அருட்செல்வம் அந்த ஊரில் நிமிர்ந்து நின்ற ஒரு மரத்தைக் கண்டதில்லை. பாறை, புல், காற்று, அவ்வளவுதான். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து பியோர்ண்டாலில் குடியேறினார். அங்கும் வீடுகளுக்குப் பின்னால் நகரசபைக்குச் சொந்தமான வெறும் புல்வெளி அகன்று கிடந்தது. அதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு வசந்தத்தில், நாட்டின் மேற்குக் கரையிலிருந்து நாற்பது சிட்கா ஊசியிலைக் கன்றுகளை வரவழைத்து நட்டார். வேகமாக வளரும் என்று விற்றவன் சொல்லியிருந்தான்.

"ஆற்றையோ காணியிலை ஏனப்பா உந்த வேலை?" என்று மனைவி மங்களேஸ்வரி சினந்தாள். அடுத்த கிழமை அவளே இரண்டு வாளிகளில் தண்ணீர் சுமந்து வந்தாள். பிள்ளைகள் இல்லாத வீடு. வருடாவருடம் நட்டார்கள். இருபத்தொரு வருடத்தில் அறுநூறு மரங்கள். உள்ளே போய் நின்றால் காற்று தலைக்கு மேலே மட்டும்தான் கேட்டது.

போன வருடம் நகரசபையிலிருந்து யூலியா என்ற தாவரவியலாளர் வீட்டுக்கு வந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார். "இது மிகப் பழைய புல்வெளி. இப்படியானவை இந்தப் பக்கத்தில் சிலதான் மிஞ்சியிருக்கின்றன. உங்கள் மரங்களின் நிழலில் பூச்செடிகள் அழிந்துவிட்டன. சிட்கா இந்த நாட்டு மரமும் இல்லை. எல்லாவற்றையும் வெட்டவேண்டும்."

"ஒரு வரிசையையாவது விடலாமா?" என்று அருட்செல்வம் நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

"ஒன்று நின்றாலும் விதை பரவும்."

யூலியா போனபின் மங்களேஸ்வரி கேட்டாள்: "அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் பிழையே செய்தனாங்கள்?"

"ஓம் போலை."

கோபிக்க ஓர் ஆள் கிடைத்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். யூலியா சொன்னதெல்லாம் சரியாக இருந்தது.

ஒக்டோபரில் இயந்திரங்கள் வந்தன. மூன்றே நாள். விழுந்த கிளைகளை இழுத்துப் போட அருட்செல்வமும் போனார். தலைக்கவசம் இல்லாமல் உள்ளே நிற்கக்கூடாது என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த கோடையில் பூ வரவில்லை. ஊசியிலைகள் மக்கிப் புளித்த மண்ணில் முட்செடிகள்தான் முளைத்தன. யூலியா முழங்காலிட்டு நெடுநேரம் தேடினார். "பத்து வருடம் ஆகலாம். வராமலே போகவும் கூடும்."

"விதை தாருங்கள். நான் விதைக்கிறேன்."

"வேண்டாம். வெளி விதை கலக்கக்கூடாது. அது தானாகத்தான் வரவேண்டும்."

அருட்செல்வத்துக்கு எழுபத்தொரு வயது. அவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

"என்னவாம்?" என்று மங்களேஸ்வரி கேட்டாள்.

"நாங்கள் ஒண்டும் செய்யவேண்டாமாம்."